வெள்ளையாகத் திரியும் ஸ்ப்ரேயை வடிகட்டி விற்கலாமா?

கேள்வி: கொரோனா காலத்தில் சானிடைசர் ஜெல் தயாரித்தோம். இப்போது சிராய்ப்பு, சிறு வெட்டுக்காயத்தில் அடித்ததும் மெல்லிய படலமாகக் காயும் கிருமிநாசினி ஸ்ப்ரே செய்து பார்க்கிறோம். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்தைச் சேர்த்ததும் கலவை திரிந்து வெள்ளையாகப் படிகிறது. வடிகட்டினால் போதுமா? ஆயுஷ் லைசென்ஸ் எடுத்தால் போதும் என்கிறார் ஏஜென்ட். – ஈரோடு வாசகர்

பதில்: வடிகட்டாதீர்கள். நீங்கள் வடிகட்டி எறிவது மருந்தைத்தான். ஜெல்லைக் கெட்டியாக்கப் போட்ட கார்போமரையே இதிலும் போட்டிருப்பீர்கள். குளோர்ஹெக்சிடினுக்கு நேர்மின்சுமை, கார்போமருக்கு எதிர்மின்சுமை. இரண்டும் பிடித்துக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும். எதிர்மின்சுமை கொண்ட மற்ற கெட்டிப்பொருட்களான சிஎம்சி (கார்பாக்சிமெதில் செல்லுலோஸ்), ஆல்ஜினேட் போட்டாலும் இதே கதைதான். மின்சுமை இல்லாத ஹைட்ராக்சிபுரோப்பைல் செல்லுலோஸுக்கு மாறுங்கள். பிவிபி (பாலிவினைல் பிரோலிடோன்) என்ற படலப் பொருளும் மருந்தோடு ஒத்துப்போகும், ஆனால் அது மட்டும் என்றால் மழைக்காலத்தில் பிசுபிசுக்கும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள குளோரைடு, சல்பேட்டோடும் மருந்து படிந்துவிடும்.

புதுக் கலவையைக் கண்ணாடித் தகட்டில் அடித்து, 5 நிமிடம் கழித்து இன்னொரு தகட்டை அழுத்தாமல் மேலே வையுங்கள். ஈரம் ஒட்டவில்லை என்றால் காய்ந்துவிட்டது. அப்புறம் பஞ்சை லேசாக அழுத்தி எடுங்கள். நார் நிறைய ஒட்டினால் நாளை சட்டையும் ஒட்டும், படலத்தை வளைய வைக்கும் பிளாஸ்டிசைசரைக் குறையுங்கள். ரொம்பக் குறைத்தால் முழங்கையை மடக்கும்போதே படலம் வெடிக்கும்.

சரி, லைசென்ஸ். ஏஜென்ட் சொல்வதை நம்பாதீர்கள். மஞ்சள், வேம்பு என்று லேபிளில் போட்டு உள்ளே குளோர்ஹெக்சிடினை மறைக்கச் சொல்லும் யோசனை இது. பிடிபட்டால் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும், அவர் பெயரில் அல்ல. உங்களுடையது அலோபதி மருந்து. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் படிவம் 25 தயாரிப்பு உரிமம் வேண்டும். இதே மருந்து இதே வடிவில் நாட்டில் ஏற்கெனவே அனுமதி பெறவில்லை என்றால், புதிய மருந்துகளுக்கான 2019 விதிகளின்படி முதலில் மத்திய அனுமதி.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைத்தான் ஏஜென்ட்கள் திரித்துச் சொல்கிறார்கள். மருந்தே சேர்க்காமல், காயத்தை மூடும் படலம் மட்டும் விற்றால் அது மருத்துவச் சாதனம், அதற்கான 2017 விதிகளுக்குள் வரும். கவனியுங்கள், மருந்தே சேர்க்காமல். துளி குளோர்ஹெக்சிடின் சேர்த்தாலும் சரி, சேர்க்காமலே ‘கிருமியைக் கொல்லும்’ என்று லேபிளில் எழுதினாலும் சரி, இந்த விலக்கை நம்ப முடியாது.

இவ்வளவையும் சிறு தயாரிப்பாளருக்குப் புரியும் தமிழில் இரண்டு பக்கம் அச்சடித்துக் கொடுக்க எந்த அலுவலகத்துக்கும் மனம் வருவதில்லை. ஏஜென்ட்களின் பிழைப்பு ஓடுவதே அதனால்தான். அவருக்கென்று எடுத்து வைத்த பணத்தில், காய்ந்த படலம் உண்மையிலேயே கிருமியைக் கொல்கிறதா என்று அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் முதலில் சோதியுங்கள்.