மணியோசை மட்டும் வருகிறது, யானையைக் காணோம்!

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: கூட வேலை பார்ப்பவர் ஒரு மெயில் அனுப்பியிருக்கிறார். ‘அழைப்பிதழ்’ என்ற தலைப்பில் எது வந்தாலும் திறக்கக் கூடாதாம், திறந்தால் ஒலிம்பிக் ஜோதி ஒன்று தோன்றி ஹார்ட் டிஸ்க் முழுவதையும் எரித்துவிடுமாம். சிஎன்என்னில் சொன்னார்களாம், இதுவரை வந்ததிலேயே மோசமான வைரஸ் இதுதான் என்று மைக்ரோசாஃப்ட்டே அறிவித்துவிட்டதாம். உண்மையா?

பதில்: இல்லை. அந்த ஜோதி 2006லிருந்து மெயில் மெயிலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அப்படி ஒரு வைரஸ் இருந்ததே கிடையாது. வந்த மெயிலை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். ‘நேற்றுதான் கண்டுபிடித்தார்கள்’ என்று இருக்கும், எந்த நேற்று என்று இருக்காது. எந்த மென்பொருளைத் தாக்கும், எந்த ஓட்டை வழியாக நுழையும், அடைக்க என்ன செய்ய வேண்டும், ஒன்றும் இருக்காது. பெரிய பெயர்கள் இரண்டு, வயிற்றைக் கலக்க ஒரு வரி, கடைசியில் ‘தெரிந்த எல்லாருக்கும் உடனே அனுப்புங்கள்’. என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரி ஒன்றே போதும், மற்ற அடையாளமெல்லாம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டோ வைரஸ் தடுப்பு நிறுவனமோ எச்சரிக்க நினைத்தால் தங்கள் தளத்தில் போடுவார்கள், உங்கள் நண்பரின் நண்பரைப் பிடித்துத் தண்டோரா போடச் சொல்ல மாட்டார்கள்.

இந்த உத்தி ரொம்பப் பழசு. 1994இல் ‘குட் டைம்ஸ்’ என்று ஒரு புரளி கிளம்பியது. அந்தத் தலைப்பில் வரும் மெயிலைப் படித்தாலே பிராசஸர் முடிவில்லாத பைனரி லூப்பில் மாட்டிக் கெட்டுப்போகும் என்று மிரட்டினார்கள். அர்த்தமில்லாத வாக்கியம்தான், ஆனால் கேட்கும்போது ஏதோ விஷயம் தெரிந்தவர் எழுதியது போல இருக்கும். சாட்சிக்கு அமெரிக்காவின் எஃப்சிசியை இழுத்துவிட்டார்கள். அது தொலைத்தொடர்பைக் கவனிக்கிற அமைப்பு, வைரஸ் எச்சரிக்கை விடுவது அதன் வேலையே இல்லை.

கேள்வி: சரி, மெயிலைத் திறந்து படித்தால் மட்டுமே வைரஸ் வந்துவிடுமா?

பதில்: வெறும் எழுத்தைப் படிப்பதால் வராது. 1999இல் மெலிசா, 2000இல் ஐ லவ் யூ என்று வந்த நிஜ வைரஸ்கள் இரண்டுமே இணைப்பாக வந்த ஃபைலைத் திறந்தவர்களைத்தான் பிடித்தன. ஒரு விதிவிலக்கு உண்டு: 1999இல் பபிள்பாய் என்று ஒன்று, அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற மைக்ரோசாஃப்ட் மெயில் மென்பொருளில் மெயிலை முன்னோட்டம் பார்த்தாலே ஓடக்கூடியதாக இருந்தது. அந்த ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் அப்டேட் கொடுத்துவிட்டது. அதனால் மெயில் மென்பொருளை அப்டேட் செய்து வையுங்கள், எதிர்பாராமல் வந்த இணைப்பையும் லிங்க்கையும் தொடாதீர்கள்.

கேள்வி: வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில், ஒரு மெயில் சொன்னபடி தேடிப் பார்த்தேன். கரடி பொம்மைப் படத்தோடு ஒரு ஃபைல் நிஜமாகவே இருந்தது! 14 நாள் தூங்கி அப்புறம் எழுந்துகொள்ளும் வைரஸ் என்று போட்டிருந்ததால் உடனே அழித்துவிட்டேன். அப்புறம்தான் சந்தேகம் வந்தது.

பதில்: சந்தேகம் சரிதான். ஜேடிபிஜிஎம்ஜிஆர் என்ற பெயரில் இருந்ததல்லவா? அது அந்தக் கால விண்டோஸோடு வந்த ஃபைல், ஜாவா என்ற கணினி மொழியில் நிரல் எழுதுபவர்களுக்கான ஒரு கருவியின் பகுதி. அந்தக் கரடி மைக்ரோசாஃப்ட்காரர்களே வைத்த ஐகான். 2002இல் இந்தப் புரளி பறந்ததற்குக் காரணமே அதுதான்: தேடிய பலருடைய கம்ப்யூட்டரிலும் இருக்கும், பார்க்கவும் வினோதமாக இருக்கும், ‘ஆன்டிவைரஸால் இதைக் கண்டுபிடிக்க முடியாது’ என்று மெயிலிலேயே முன்கூட்டி சொல்லிவிட்டதால் ஆன்டிவைரஸ் சும்மா இருப்பதும் ஆதாரமாகிவிடும். ரொம்பக் கெட்டிக்காரத்தனமான புரளி, ஒரு வரி நிரல்கூட எழுதாமல் ஊராரைக் கொண்டே ஃபைலை அழிக்க வைத்தது.

ரீசைக்கிள் பின்னில் இருந்தால் மீட்டுவிடுங்கள். இல்லாவிட்டாலும் உங்களுக்குப் பெரிய நஷ்டமில்லை, ஜாவா நிரல் எழுதாதவர்களுக்கு அது தேவைப்படாது. இப்போதைய விண்டோஸில் வேறு ஏதாவது சிஸ்டம் ஃபைலை இப்படி அழித்திருந்தால், சிஸ்டம் ஃபைல் செக்கர் என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது, அதை ஓட்டினால் குறைகிற ஃபைல்களைத் திரும்ப வைக்கப் பார்க்கும். மெயிலில் ‘மாற்று ஃபைல் இதோ’ என்று யாராவது அனுப்பினால் மட்டும் வாங்காதீர்கள். இதற்கு முந்தைய வருடம், 2001இல், சல்ஃப்என்பிகே என்ற இன்னொரு நல்ல ஃபைலை இதே போல் அழிக்க வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், மாஜிஸ்டர் என்ற நிஜ வைரஸ் அதே ஃபைலில் தொற்றிக்கொண்டு, அதை மெயிலில் இணைத்து அனுப்பக்கூடியது. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்தது நல்லது, மெயிலில் வந்தது விஷமாக இருக்கலாம்!

கேள்வி: இதையெல்லாம் எனக்கு அனுப்புவதே என் பெரியப்பாதான். ‘பொய்’ என்று எழுதினால் வருத்தப்படுவார். பேசாமல் விட்டுவிடவா?

பதில்: விடாதீர்கள், அடுத்த வாரம் இன்னொன்று வரும். ஆனால் ‘ரிப்ளை ஆல்’ போட்டு நாற்பது பேர் முன்னால் திருத்த வேண்டாம், அவருக்கு மட்டும் எழுதுங்கள். ‘பெரியப்பா, எங்களை நினைத்து அனுப்பினீர்கள், நன்றி. தேடிப் பார்த்தேன், இது பழைய புரளி. இனி இப்படி வந்தால் முதலில் எனக்கு மட்டும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.’ இவ்வளவு போதும். பெரும்பாலானவர்களுக்கு, கேட்க ஓர் ஆள் கிடைத்தாலே எல்லாருக்கும் அனுப்புகிற கை நின்றுவிடும்.

தேடுவது சுலபம். மெயிலில் இருக்கிற விசித்திரமான ஒரு வரியை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்கத்தில் ‘ஹோக்ஸ்’ (hoax, அதாவது புரளி) என்று ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடுங்கள். ஸ்னோப்ஸ் தளம் 1994லிருந்து இந்த மாதிரி வதந்திகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. மெயிலிலேயே ‘சரிபார்க்க இங்கே அழுத்தவும்’ என்று இருந்தால் அதை அழுத்தாதீர்கள், தளத்தின் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். ஆபீஸ் மெயில் என்றால் கணினிப் பிரிவுக்கு மட்டும் தகவல் கொடுங்கள், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒருவேளை நீங்களே ஏற்கெனவே பத்துப் பேருக்கு ஃபார்வர்ட் செய்திருந்தால், அந்தப் பத்துப் பேருக்கும் ‘அது பொய்’ என்று சொல்லிவிடுவதுதான் முறை.

கேள்வி: எல்லாம் புரளி என்று ஒதுக்கி, ஒன்று நிஜமாக இருந்துவிட்டால்?

பதில்: நியாயமான பயம், நடந்தும் இருக்கிறது. 1997இல் ஏஓஎல்4ஃப்ரீ என்ற பெயரில் ஒரு புரளி சுற்றியது, கொஞ்ச நாளிலேயே அதே பெயரில், ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதை அழிக்கிற ட்ரோஜன், அதாவது நல்ல நிரல் போல வேஷம் போட்டு வரும் நாச நிரல், நிஜமாகவே வந்துவிட்டது. ஆனால் அதிலிருந்து தப்பிக்கவும் ஃபார்வர்ட் உதவவில்லை, தெரியாத ஃபைலை இயக்காமல் இருந்தவர்கள் தப்பித்தார்கள். நிஜ எச்சரிக்கை சலிப்பூட்டும்: மென்பொருளின் பெயர், பதிப்பு எண், தேதி, எந்த அப்டேட்டைப் போட வேண்டும். ஆச்சரியக்குறி இருக்காது.

கேள்வி: ‘மார்ட்டினெல்லி’ என்ற வீடியோ நாளை வாட்ஸ்அப்பில் வருகிறதாம், திறந்தால் ஃபோன் போய்விடுமாம்?

பதில்: 2017லிருந்து ‘நாளை’தான் வருகிறது. உங்களுக்கு வந்து சேர்ந்தால் சொல்லுங்கள், எனக்கும் பார்க்க ஆசைதான்.