சிறுதட்டுச் சமையல்: உறுப்பினர்களின் கேள்விகளுக்குத் தஞ்சாவூரிலிருந்து பதில்கள்

தஞ்சாவூர் தெற்கு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், 24 பேர் அமரக்கூடிய சிறிய உணவகம் ஒன்றை ஆறு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அதற்கு முன் துபாயில், லெபனான் சமையல் செய்யும் ஓர் அடுக்களையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். மத்தியதரைக்கடல் நாடுகளின் சாயல் கொண்ட எளிய சிறுதட்டு உணவுகளைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

மன்னார்குடி உறுப்பினர்: சிறுதட்டு என்பது அளவைக் குறைத்து விலையைக் கூட்டும் வழி என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையில் அது என்ன?

லெபனானிலும் துருக்கியிலும் கிரேக்கத்திலும் இதை மெஸே என்பார்கள்; ஸ்பெயினில் தாபாஸ். மெஸே என்ற சொல் சுவை என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. நம்முடைய இலையிலும் கூட்டு, பொரியல், பச்சடி என்று எல்லாம் சிறிதளவாகத்தான் இருக்கின்றன, ஆனால் நடுவில் சோறு இருக்கிறது. மற்றவை அதற்குத் துணை. மெஸேயில் அந்த நடு இல்லை. ஒவ்வொரு தட்டும் தன் சுவையால் தானே நிற்க வேண்டும், ரொட்டி அதை எடுத்து உண்ணும் கருவி மட்டுமே. அதனால்தான் இந்தச் சமையலில் குறையை மறைக்க இடமே கிடையாது. விலையைப் பொறுத்தவரை, இருவர் வயிறு நிறைய ஏழு தட்டுகள் வாங்க வேண்டியிருந்தால் உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. என் கடையில் மூன்று தட்டும் ரொட்டியும் இருவருக்குப் போதும் என்பதை அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

திருவையாற்றிலிருந்து ஒரு மூத்த உறுப்பினர்: தம்பி, ஒரே தட்டில் நான்கு பேர் கை வைத்தால் அது எச்சில் இல்லையா? என் பேரப்பிள்ளைகள் அழைத்தும் நான் வரவில்லை.

அம்மா, உங்கள் தயக்கம் நியாயமானது. ஒவ்வொரு தட்டுடனும் எடுத்துப் போட்டுக்கொள்ளத் தனிக்கரண்டி வைக்கிறோம், ஒவ்வொருவருக்கும் வெறும் சிறுதட்டு ஒன்றும் தருகிறோம். நான் வேலை பார்த்த இடத்தில் இருந்த லெபனான் நாட்டவர்களும், கடித்த ரொட்டியை மீண்டும் பொதுத்தட்டில் தோய்ப்பதை அநாகரிகம் என்றே சொல்வார்கள். ரொட்டியைப் பிய்த்து, ஒரு துண்டுக்கு ஒரு முறைதான் தோய்க்க வேண்டும். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் அடுக்களையிலேயே பிரித்து உங்களுக்கெனத் தனியாக வைத்துத் தரச் சொல்லுங்கள்.

கும்பகோணம் உறுப்பினர்: வீட்டில் செய்யும் ஹம்மஸ் (கொண்டைக்கடலை விழுது) எப்போதும் கரகரப்பாக வருகிறது. எண்ணெய் அதிகம் விட்டும் பயனில்லை.

எண்ணெயால் இது சரியாகாது. கடலை போதுமான அளவு வேகவில்லை என்பதே காரணம். கால் கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவு முழுவதும் ஊறவைத்து, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்து, சுண்டலுக்கு வேகவைப்பதைவிட நன்றாகக் குழைய வேகவையுங்கள். சுண்டலுக்கு முழுதாக நிற்க வேண்டும், இதற்கோ இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்தால் அழுத்தாமலே மசிய வேண்டும். தோல் மேலே மிதந்து வரும், அதை அள்ளி எறிந்துவிட்டு, கடலை சூடாக இருக்கும்போதே அரைத்துவிடுங்கள்.

அடுத்தது தஹினி, அதாவது தோல் நீக்கிய வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் இலேசாக வறுத்து அரைத்த விழுது. பூண்டை நசுக்கி எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவிட்டால் அதன் காரம் அடங்கும். அந்தச் சாற்றை வடித்துத் தஹினியில் ஊற்றுங்கள். விழுது உடனே இறுகிக் களிமண்போல் ஆகிவிடும். பலர் இந்த இடத்தில் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள். பனிக்கட்டி போட்ட தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்துக்கொண்டே இருங்கள். பழுப்பாக இறுகியிருந்தது சட்டென்று வெளுத்து, இளகி, வெண்ணெய்போல் வழியத் தொடங்கும். ஒன்பது ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான முறை பார்த்த பிறகும் அந்த நொடி எனக்கு மகிழ்ச்சி தருகிறது. அதன் பிறகு கடலையோடு சேர்த்து அரைத்து உப்பிட்டால் வேலை முடிந்தது. தஹினி கிடைக்காதபோது நல்லெண்ணெய் விடலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கருப்பட்டி சேர்த்துச் செக்கில் ஆட்டிய நம் நல்லெண்ணெயின் மணம் தோசைக்குரியது, அது ஹம்மஸை முழுவதுமாக ஆட்கொண்டுவிடும்.

சிதம்பரம் உறுப்பினர்: உங்கள் பாபா கனூஷ் என்ற கத்தரிக்காய்த் தட்டு எங்கள் ஊர்க் கொத்சு தானே?

உறவுக்காரர்கள் என்று சொல்லலாம். கத்தரிக்காயைக் குழைத்த பிறகு கொத்சு, புளி, வறுத்துப் பொடித்த மல்லி மிளகாய், நல்லெண்ணெய் என்ற திசையில் சம்பா சாதத்தை நோக்கிப் போகிறது. பாபா கனூஷ் தஹினி, எலுமிச்சை, பூண்டு என்ற திசையில் ரொட்டியை நோக்கிப் போகிறது. ஆனால் இதற்குக் கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கக் கூடாது, நெருப்பில்தான் சுட வேண்டும். பெரிய காயை நேரடியாகத் தணலில் வைத்து, தோல் கரியாகி, காம்புப் பக்கம் வெடித்து நீர் சீறி, காய் தன் எடை தாங்காமல் சரிந்து உட்காரும்வரை விட்டுவிட வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் எல்லோரும் அதற்கு ஐந்து நிமிடம் முன்பே பயந்து எடுத்துவிடுகிறார்கள், அப்போது நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும், புகை மணமும் ஏறியிருக்காது. தோலை உரித்த சதையைச் சல்லடையில் அரை மணி நேரம் வடியவிட்டு, கத்தியால் கொத்துங்கள். மிக்ஸியில் போட்டால் பசையாகிவிடும்.

திருவாரூர் உறுப்பினர்: தப்பூலே சாலட்டுக்குப் புல்குர் கிடைக்கவில்லை. கோதுமை ரவை போடலாமா?

நெல் விளையும் ஊர்க்காரருக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம்: அரிசியில் பச்சரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் உள்ள வேறுபாடுதான் கோதுமை ரவைக்கும் புல்குருக்கும் உள்ள வேறுபாடு. கோதுமையை அவித்து, உலர்த்தி, பிறகு உடைத்தது புல்குர். அதனால்தான் பொடியாக உடைத்த புல்குரை ஊறவைத்தாலே உண்ணலாம், ரவையை வேகவைக்காமல் உண்ண முடியாது. சம்பா கோதுமையை நீங்களே அவித்து, நல்ல வெயிலில் காயவைத்து, திரிகையில் உடைத்துக்கொள்ளலாம். நான் முதல் ஆண்டு அப்படித்தான் செய்தேன். ஒன்றை மறக்காதீர்கள்: தப்பூலே என்பது பார்ஸ்லிக் கீரையின் சாலட், கோதுமை அதில் கைப்பிடிதான். மலையிலிருந்து பார்ஸ்லி வராத நாட்களில் நான் கொத்தமல்லியை வைத்துச் சமாளிப்பதில்லை, அந்தத் தட்டையே நிறுத்திவிடுகிறேன்.

நாகப்பட்டினம் உறுப்பினர்: ஸ்பெயினில் நெத்திலியை வினிகரில் ஊறவைத்துச் சமைக்காமலே தருகிறார்களாமே, நம் நெத்திலியில் செய்யலாமா?

சுவை நன்றாகவே இருக்கும், ஆனால் நான் செய்வதில்லை. கடல்மீனில் இருக்கக்கூடிய ஒட்டுண்ணிப் புழுவை வினிகர் கொல்லாது. ஐரோப்பிய விதிப்படி அவ்வகை மீனை மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் உறையவைத்த பிறகே தர வேண்டும். என்னிடம் அந்த வசதி இல்லை. மாறாக, உங்கள் ஊரிலிருந்து ஐஸில் வரும் மத்தி மீனைக் குடல் நீக்கி, கல்லுப்புத் தூவி, தணலில் முழுதாகச் சுட்டு எலுமிச்சையோடு தருகிறேன். மத்தியதரைக்கடல் கரையோரங்களிலும் மத்தியை இப்படியே சுட்டு உண்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன் கிடைத்தால் மட்டுமே அந்தத் தட்டு உண்டு.

பட்டுக்கோட்டை உறுப்பினர்: நல்ல ஆலிவ் எண்ணெயை எப்படி அறிவது?

எக்ஸ்ட்ரா வர்ஜின் எனப்படும் வகையில், கொழுப்பிலிருந்து பிரிந்து தனித்திருக்கும் கொழுப்பமிலம் 0.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அளவீடு, ஆனால் நாக்கே போதும். ஒரு கரண்டி குடித்துப் பாருங்கள்: முதலில் பச்சைத் தழையின் மணமும், பிறகு இலேசான கசப்பும், விழுங்கிய பின் தொண்டையில் ஒரு காரமும் வர வேண்டும். கடை தொடங்கிய ஆண்டு, விலை மலிவு என்று ஒரு விற்பனையாளரிடம் மூன்று தகரங்கள் வாங்கினேன். திறந்தபோது நாள்பட்ட வேர்க்கடலையின் சிக்கு வாடை அடித்தது. திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். அதில் ஒரு துளியும் தட்டுக்குப் போகவில்லை, விளக்கேற்றித் தீர்த்தோம். நம் ஊர் வெப்பத்தில் சிறிய, இருண்ட நிறப் புட்டிகளாக வாங்கி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைக்கும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து இன்றே விட்டுவிடுங்கள். காற்றில்லாத அந்த எண்ணெயில் உயிரைப் பறிக்கும் பொட்டுலிசம் நச்சு உருவாகலாம். குளிர்பெட்டியில் வைத்து நான்கு நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

பாபநாசம் உறுப்பினர்: இந்த உணவு இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க அறிவியலாளர் உணவுக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பைப் பார்க்க 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் புகழ்பெற்றது, கிரீட் தீவு போன்ற இடங்களின் உழவர்கள் உண்ட காய்கறி, பருப்பு, தானியம், ஆலிவ் எண்ணெய் அடங்கிய எளிய உணவு. என் கடையில் கொண்டைக்கடலையை அரைத்து வடைபோல் எண்ணெயில் பொரிக்கும் ஃபலாஃபலை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

மயிலாடுதுறை உறுப்பினர்: நானும் இப்படி ஒரு கடை தொடங்க நினைக்கிறேன். எத்தனை வகைகள் வைக்கலாம்? ஃபெட்டாவுக்குப் பனீர் பயன்படுத்தலாமா?

பத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பொருளும் குறைந்தது இரண்டு தட்டுகளில் பயன்பட வேண்டும், அப்போதுதான் மாலையில் வீணாவது குறையும். கொண்டைக்கடலை ஹம்மஸுக்கும் ஃபலாஃபலுக்கும் போகிறது (ஃபலாஃபலுக்கு ஊறவைத்தால் போதும், வேகவைத்தால் எண்ணெயில் உதிர்ந்துவிடும்). தயிரை உப்பிட்டுத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் லப்னே. வடிந்த நீரில் ரொட்டி மாவு பிசையலாம். தொங்கவிடுவது குளிர்பெட்டிக்குள் இருக்கட்டும், வெளியே வைத்தால் நம் சித்திரை வெயிலில் விடிவதற்குள் புளித்துவிடும். ஃபெட்டா என்பது கிரேக்கத்தில் செம்மறியாட்டுப் பாலில், வெள்ளாட்டுப் பால் 30 விழுக்காட்டைத் தாண்டாமல் செய்து, உப்புநீரில் முதிரவைத்த பாலாடைக்கட்டி. பனீரில் அந்தப் புளிப்பும் உவர்ப்பும் இல்லை. கெட்டியாக வடிந்த லப்னேயை உருண்டை பிடித்து எண்ணெயில் போட்டு, குளிர்பெட்டியில் வைத்துத் தாருங்கள், பட்டியலிலும் லப்னே என்றே எழுதுங்கள்.