அம்பத்தூர்ப் பட்டறைக்காரர் ஒருவருக்கு: மகனை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற சனிக்கிழமை நீங்களும் அம்மாவும் தம்பியை அழைத்துக்கொண்டு வந்திருந்தபோது, "இந்தத் தொழில் என்னோடு போகட்டும், பையன் கம்ப்யூட்டர் படிக்கட்டும்" என்று ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை சொன்னீர்கள். கட் ஆஃப் 172 வாங்கியிருக்கும் பையனுக்கு எந்தக் கல்லூரியில் கணினி அறிவியல் கிடைக்கும் என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்குச் சென்ற ஆண்டுகளின் கலந்தாய்வுப் பட்டியலைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் விடை சொல்லிவிடலாம். ஆனால் உங்களை அந்தக் கேள்விக்குத் தள்ளியது, சென்னையைச் சுற்றியுள்ள சிறு உற்பத்தியாளர்களுக்கு இனிப் பிழைப்பு இருக்குமா என்ற கவலை. அதைத் தீர்த்துக்கொள்ளாமல் கல்லூரிப் பெயர்களை எழுதித் தருவது முறையாகாது என்பதால் இந்தக் கடிதம் சற்று நீண்டுவிடுகிறது.

உங்கள் அச்சத்துக்குக் காரணம் உண்டு. 2006ல் உற்பத்தி தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதையும், 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக அறிவித்து, அடுத்த ஆண்டே மறைமலை நகர் ஆலை ஓய்ந்ததையும் பக்கத்திலிருந்து பார்த்தவர் நீங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தது. உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் உங்கள் லேத் பட்டறையின் சுவரில் இரண்டு நீர்க்கோடுகள் இருப்பதாகவும், இரண்டாவது கோடு இயந்திரத்தைச் சுழற்றும் ஸ்பிண்டில் மோட்டாருக்கு மேலே இருப்பதாகவும் கையை உயர்த்திக் காட்டினீர்கள். 2022 செப்டம்பரில் மின்கட்டணத்தோடு நிலைக்கட்டணமும் ஏறியது. இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய அந்தத் தொகையை எதிர்த்துத்தான் 2023 செப்டம்பரில் தமிழ்நாடு முழுவதும் சிறுதொழில் சங்கங்கள் ஒருநாள் கதவடைப்பு நடத்தின. ஒரு வாடிக்கையாளர் ஆர்டரை நிறுத்திய ஆண்டில், கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைச் செதுக்கும் வி.எம்.சி. இயந்திரத்தின் தவணைக்காக அம்மாவின் நகைகள் வங்கிக்குப் போனதை அவர் சொல்லும்போது நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். இவ்வளவையும் பட்ட ஒருவர் மகனை அந்தப் பக்கமே விடமாட்டேன் என்று சொன்னால், அதை வீம்பு என்று யாரும் சொல்ல முடியாது.

ஆயினும் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் கூட்டிப் பார்த்து முடிவு எடுக்கக் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து ஏற்றுமதியான மின்னணுப் பொருட்களின் மதிப்பு 2023-24ல் ஏறத்தாழ 956 கோடி டாலராக இருந்து, 2024-25ல் 1,465 கோடி டாலரானது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. போய்விட்டதாக நாம் கைகழுவிய ஃபோர்டே, மறைமலை நகரில் இன்ஜின் தயாரிக்க 3,250 கோடி ரூபாய்க்கு 2025 அக்டோபரில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்திருக்கிறது. உற்பத்தி 2029ல் என்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கும் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கும் ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் நம் பக்கத்துக்கு நல்ல செய்திதான். ஒப்பந்தம் என்பது ஆர்டர் அன்று என்பது எனக்கும் தெரியும். பத்திரிகையில் ஆயிரம் கோடி என்று வருவதில் எத்தனை ரூபாய் அம்பத்தூர் வரை வடியும் என்பதை, 1964ல் தொழிற்பேட்டை தொடங்கிய நாளிலிருந்து அங்கே இருக்கும் பெரியவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள்.

அப்படி வடிவது யாருக்கு, வடியாமல் போவது யாருக்கு என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அம்பத்தூருக்கு என்று ஒரே எதிர்காலம் கிடையாது. ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கும் இரண்டு பட்டறைகளுக்குக்கூட வெவ்வேறு எதிர்காலம் இருக்கிறது. மின்வாகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன், கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட், வால்வு, எரிபொருள் பம்ப், சைலன்சர் ஆகியவை மின்காரில் இல்லை. கிளட்ச்சும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. இவற்றுக்கு மட்டும் புஷ் என்ற உருளை வளையமும் பின் என்ற சிறு தண்டும் கடைந்து கொடுக்கும் பட்டறை, ஆர்டர் எவ்வளவு நிறைந்திருந்தாலும், குறையப் போகும் சந்தையில்தான் நிற்கிறது. ஆனால் பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், வீல் ஹப், இருக்கைச் சட்டம் ஆகியவை எந்த வண்டிக்கும் வேண்டும். இவற்றோடு மோட்டார் ஹவுசிங், பேட்டரிப் பெட்டி, அதைக் குளிர்விக்கும் அலுமினியத் தகடு என்று புதிய உதிரிபாகங்களும் வந்திருக்கின்றன. இரும்பில் பழகிய கை அலுமினியத்துக்கு மாறுவதற்கு டூலும் வேகமும் மாற வேண்டும், அளவில் இன்னும் கண்டிப்பு வேண்டும், ஆனால் தொழில் அதேதான். இன்னொரு பக்கம், பெட்ரோல் இன்ஜின் நாளைக்கே மறைந்துவிடப் போவதும் இல்லை. 2029ல் இன்ஜின் தயாரிக்க ஒருவர் ஆயிரக்கணக்கான கோடியைக் கொட்ட முன்வருகிறார் என்றால், இந்த மாற்றம் ஒரே இரவில் முடியாது என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார்.

ஆகவே உங்களுக்கு நான் தரும் முதல் வேலை, தம்பியின் விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது. கடந்த ஐந்து ஆண்டு இன்வாய்ஸ்களை எடுத்து, எந்த வாடிக்கையாளர், எந்தப் பாகம், அந்தப் பாகம் கடைசியில் எந்த வண்டியில் அல்லது எந்த இயந்திரத்தில் போய் உட்காருகிறது என்று மூன்று பத்திகள் கொண்ட அட்டவணையாக எழுதுங்கள். மூன்றாவது பத்தியை நிரப்ப முடியாமல் நிற்பீர்கள், ஏனென்றால் நீங்கள் கொடுப்பவர் இன்னொருவருக்குக் கொடுக்கிறார், அவர் வேறொருவருக்கு. கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மொத்த வரவில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது என்றால், பாகம் எதுவாக இருந்தாலும் அது ஆபத்துதான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது 50 சதவீதம் வரை வரி போட்டபோது, திருப்பூரிலும் ஆம்பூரிலும் முதலில் ஆட்டம் கண்டவர்கள் அந்த ஒரு நாட்டை மட்டும் நம்பியிருந்தவர்கள்தான். இந்தப் பட்டியலைத் தம்பியை வைத்து எழுதச் சொல்லுங்கள். கணினியில் அவனுக்கு இருக்கும் ஆர்வத்துக்கு அதுவே முதல் உபயோகமாக இருக்கட்டும்.

இரண்டாவது, வரவேண்டிய பாக்கி. தொழில் நன்றாக நடந்தும் பட்டறைகள் மூடுவதற்கு நான் கண்ட முக்கியக் காரணம் இதுவே. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாட்கள். அந்தக் காலக்கெடு தாண்டியும் கொடுக்காமல் வைத்திருக்கும் தொகையை, அதைக் கொடுக்கும் வரை, வாங்கும் நிறுவனம் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற பிரிவு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள், சிறுதொழில் பில்களுக்குப் பணம் பெற்றுத் தரும் டிரெட்ஸ் என்ற இணையதளத்தில் பதிவு செய்வதும் இப்போது கட்டாயம்; அங்கே உங்கள் பில்லை அவர்கள் ஏற்றுக்கொண்டால், வங்கி தள்ளுபடியில் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிடும். சட்டத்தைக் காட்டினால் அடுத்த ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் சிறுதொழில் என்பதற்கு அரசு தரும் உத்யம் பதிவு எண்ணை இன்வாய்ஸில் அச்சிடாமலேயே தொழில் செய்வது, கையில் குடை இருந்தும் நனைந்துகொண்டு போவதைப் போலத்தான்.

இனி மென்பொருள் பக்கம். அதைத் தாழ்த்திப் பேச எனக்கு விருப்பம் இல்லை. என்னிடம் வந்த பல பிள்ளைகள் அங்கே நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அது வெள்ளம் ஏறாத மேடு என்று நினைத்துப் பிள்ளையை அனுப்பாதீர்கள். நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமான டி.சி.எஸ்., 2025 ஜூலையில் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, அதாவது 12,000 பேருக்கும் மேற்பட்டவர்களை, குறைக்கப்போவதாக அறிவித்தது. 172 கட் ஆஃபுக்குக் கணினி அறிவியல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஆய்வகமும் ஆசிரியரும் சரியில்லாத ஒரு கல்லூரியில் அது கிடைக்கும். அதே மதிப்பெண்ணுக்கு இயந்திரவியலோ உற்பத்திப் பொறியியலோ கேட்டால் இதைவிட நல்ல கல்லூரியின் வாசல் திறக்கும். இந்த இரண்டாவது வாய்ப்பை ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் பெற்றோர்கள் தள்ளிவிடுவது, இந்த வேலையில் எனக்கு ஆண்டுதோறும் வருத்தம் தரும் விஷயம்.

தம்பிக்கு என் பரிந்துரை இதுதான். கலந்தாய்வில் இயந்திரவியல், உற்பத்தித் தொழில்நுட்பம், ரோபோட்டிக்ஸ் ஆகிய மூன்று பிரிவுகளையும் நல்ல கல்லூரிகளில் முதலில் வைக்கட்டும். கிண்டி பொறியியல் கல்லூரியும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் இந்த மதிப்பெண்ணுக்கு எட்டாதவை, ஆகவே அந்தக் கனவில் பட்டியலின் மேல்பகுதியைத் தின்றுவிட வேண்டாம். ஆசைக்கு ஒன்றிரண்டு வரி போதும். சுமாரான கல்லூரியின் கணினி அறிவியல் அதற்குப் பிறகு வரட்டும். நான்கு ஆண்டுகளில் கணினியில் பாகங்களை வரையும் கேட் (CAD) வரைவு, கணினி வழி இயங்கும் இயந்திரங்களுக்கான சி.என்.சி. புரோகிராம், பைத்தான் என்ற நிரல் மொழியின் அடிப்படை, செலவுக் கணக்கு ஆகிய நான்கையும் அவன் கற்றுக்கொள்ள வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கல்லூரியில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஒரு பாகத்துக்கு கோட்டேஷன் போடும்போது டூல் தேய்மானத்தை எப்படிச் சேர்க்கிறீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். படிப்பு முடிந்ததும் நேராகப் பட்டறைக்கு வரக் கூடாது. தரமணியில் உள்ள தெற்கு மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தின் வழியாகப் பெரிய தொழிற்சாலை ஒன்றில் ஓராண்டு பழகுநராக இருந்து, அதன் பிறகு தரக்கட்டுப்பாட்டிலோ கொள்முதலிலோ இரண்டு ஆண்டுகள் சம்பளத்துக்கு வேலை பார்க்கட்டும். உங்கள் பாகத்தை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள், ஏன் விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் திரும்பி வந்தால், அது நீங்கள் இருபத்தாறு ஆண்டுகளில் வாங்காத இயந்திரத்துக்குச் சமம். வராமல் அங்கேயே இருந்துவிட்டாலும் நஷ்டம் இல்லை.

அரசின் நீட்ஸ் திட்டத்தில் மானியம் வாங்கிப் புதுப் பட்டறை போடலாமே என்று உங்கள் மைத்துனர் சொன்னதாகக் கூறினீர்கள். அது முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்காக வகுக்கப்பட்டது. அப்பாவுக்கே பட்டறை இருக்கும் வீட்டில் அதை நம்பித் திட்டம் போட்டுவிட்டுப் பிறகு ஏமாறாதீர்கள். மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுத் தெளிந்த பிறகு பேசுவோம்.

அம்மாவின் கவலை வேறு. "லேத் பட்டறைப் பையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்று அவர் கதவருகே நின்று மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது. இருபத்தொன்பது வயதில் நடக்க வேண்டியதை எண்ணிப் பதினேழு வயதில் பாடப்பிரிவு எடுக்க முடியாது என்பதற்கு மேல் எனக்கு இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. பேச்சின் நடுவே பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு புஷ்ஷை எடுத்து, "இதைத்தான் சார் நாள் முழுக்கச் செய்கிறோம்" என்று என் மேசையில் வைத்தீர்கள். அதுவரை வாய் திறக்காமல் இருந்த தம்பி அதை எடுத்து, உள்விளிம்பில் நகத்தை ஒருமுறை ஓட்டிவிட்டு, "அப்பா, இதில் சேம்ஃபர் எடுக்கவே இல்லை, இது ரிஜெக்ஷன் பீஸ்" என்றான். கூரான விளிம்பைச் சரிவாகச் சீவாமல் விட்டிருந்ததைத்தான் சொன்னான். நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். பிறகு எதுவும் சொல்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். பத்தாம் வகுப்பிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பட்டறைக்கு வருவது "சும்மா பொழுதுபோக்கு" என்றீர்கள். அவனை ஒருமுறையாவது நேராகக் கேளுங்கள், அம்மா பக்கத்தில் இல்லாதபோது, வண்டியில் போகும்போது கேட்டாலும் சரி. அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர்களின் ஐமா சங்கம் இரண்டாண்டுக்கு ஒருமுறை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடத்தும் அக்மி இயந்திரக் கண்காட்சிக்கு அடுத்த முறை அவனைக் கூட்டிச் செல்லுங்கள். எந்த அரங்கில் நிற்கிறான், எதைத் தாண்டிப் போகிறான் என்று பின்னால் நடந்து பாருங்கள். அவன் மென்பொருள் அரங்கில்தான் நின்றான் என்றால், கணினி அறிவியலைப் பட்டியலின் முதலில் வைக்க நானே உதவுகிறேன்.

கலந்தாய்வில் நம் சுற்று வந்துவிட்டால் விருப்பப் பட்டியலை நிரப்பச் சில நாட்கள்தான் இருக்கும். அதற்கு முந்தைய வாரத்தில் ஒரு மாலை வாருங்கள். வரும்போது அந்த மூன்று பத்திப் பட்டியலையும், 45 நாளைத் தாண்டிய பாக்கிகளின் கணக்கையும் தம்பியின் கையெழுத்தில் கொண்டுவாருங்கள். மதிப்பெண் சான்றிதழின் நகல் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்
சென்னை