மகளுக்கு ரோபோ ஆராய்ச்சி ஆசை: ஒரு தாயின் கேள்விகளுக்குப் பதில்

வணக்கம் அம்மா.

பள்ளியின் கடைசி ஆண்டில் இருக்கும் உங்கள் மகள், பல ரோபோக்கள் தமக்குள் ஒத்துழைத்து வேலை செய்வதைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்வேன் என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதெல்லாம் ஒரு படிப்பா, வேலை கிடைக்குமா, எத்தனை வருஷம் ஆகும் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். படிப்புதான், வேலையும் இருக்கிறது, வருஷம் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அவள் ஆசைப்படுவதும் அந்தத் துறையில் அன்றாடம் நடப்பதும் ஒன்றுதானா என்று பார்த்துவிட வேண்டும்.

இரவு வானத்தில் நூற்றுக்கணக்கான டிரோன்கள் உருவம் வரையும் வீடியோக்களைப் பார்த்துத்தான் அவளுக்கு இந்த ஆசை வந்தது என்கிறீர்கள். அந்தக் காட்சிகளில் பெரும்பாலும் எந்த டிரோன் எந்த நொடியில் எங்கே இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கணினியில் எழுதி ஏற்றிவிடுவார்கள். டிரோன் தன் தடத்தில் போய்வரும், அவ்வளவுதான். பக்கத்து டிரோனோடு கலந்து பேசி அது எதையும் முடிவு செய்வதில்லை. எழுதி வைத்த தடம் உதவாத இடத்தில்தான் ஆராய்ச்சி தொடங்குகிறது. இடம் புதிது, சிக்னல் விட்டுவிட்டு வருகிறது, நடுவில் ஒரு ரோபோ பழுதாகி நிற்கிறது. இந்த நிலையில் மற்ற ரோபோக்கள் தாமாக வேலையைப் பங்கிட்டு முடிக்க வேண்டும்.

அவளைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு தாளில் குறுகலான நடைபாதை ஒன்றை வரையுங்கள். ஒரு நாணயம் மட்டுமே போகும் அகலம் போதும். இரண்டு முனையிலும் ஒவ்வொரு நாணயம் வையுங்கள். இரண்டுமே ரோபோ, இரண்டுக்குள்ளும் ஒரே நிரல். எதிரெதிரே வந்து நடுவில் சந்திக்கின்றன. "நீ முதலில் போ" என்று இரண்டும் காத்திருந்தால் விடிய விடிய அங்கேயே நிற்கும். இரண்டும் பின்வாங்கினால், மறுபடி இரண்டும் கிளம்பி வந்து மறுபடி முட்டிக்கொள்ளும். ஆளுக்கொரு எண் கொடுத்து, சின்ன எண்ணுக்கு வழிவிடலாம் என்பாள். சரி. பெரிய எண்காரருக்குப் பின்னால் இன்னும் ஐந்து ரோபோக்கள் வரிசையில் நின்றால்? யார் வழிவிடுவது என்று பேசிக்கொள்ளும்போதே ரேடியோ செய்தி ஒன்று தொலைந்துவிட்டால்? பின்வாங்க வேண்டிய ரோபோவில் பேட்டரி தீரப்போகிறது என்றால்?

இதில் அவள் உட்கார்ந்து, சாப்பாட்டை மறந்து தாளில் கிறுக்க ஆரம்பித்தால் பயப்படாமல் அனுப்புங்கள். "அதெல்லாம் இருக்கட்டும், ரோபோவை எப்போது செய்வோம்?" என்று கேட்டால், அவளுக்குப் பிடித்தது இயந்திரம். அப்போது இயந்திரப் பொறியியலோ, இயந்திரமும் மின்னணுவும் கலந்த மெக்கட்ரானிக்ஸோ பொருத்தம். அதுவும் நல்ல வழிதான், ஆனால் வேறு வழி.

இந்த முட்டல் ஏன் இத்தனை பெரிய பிரச்சினை என்று உங்களுக்குத் தோன்றலாம். கட்டம் போட்ட தரையில் ஒரு ரோபோவுக்கு ஒரு நேரத்தில் ஐந்து வாய்ப்புகள்: நான்கு திசை, அல்லது நின்ற இடத்திலேயே இருப்பது. இரண்டு ரோபோ என்றால் 25. பத்து ரோபோ என்றால் 97,65,625. இது ஒரே ஒரு அடிக்கு. எல்லா ரோபோக்களுக்கும் சேர்த்து மிகச் சிறந்த பாதைகளைக் கண்டுபிடிப்பது கணினிக்கே கடினமான கணக்கு என்று நிரூபித்திருக்கிறார்கள். அதனால் குறுக்குவழிகளைத் தேடுகிறார்கள். அவற்றில் பேர்பெற்ற ஒன்று, ஒவ்வொரு ரோபோவுக்கும் தனித்தனியே பாதை போட்டுவிட்டு, எங்கே முட்டுகிறதோ அங்கே மட்டும் திருத்திக்கொண்டு போவது. கேட்க எளிதாக இருக்கும். இதை மேம்படுத்தியே பல ஆய்வேடுகள் வந்திருக்கின்றன.

வேலை விஷயம். கீவா சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் 2003-இல் தொடங்கியது. கிடங்கில் ஆள் நடந்து போய்ப் பொருளை எடுப்பதற்குப் பதில், தட்டையான ரோபோக்கள் அலமாரிகளையே தூக்கிக்கொண்டு ஆளிடம் வரும். 2012-இல் அமேசான் அதை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. தன் கிடங்குகளில் ரோபோக்களின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தொட்டுவிட்டதாக 2025-இல் அந்த நிறுவனம் அறிவித்தது. கீவாவைக் கட்டியெழுப்பிய மூவரைப் பாருங்கள். மிக் மவுன்ட்ஸ், மூழ்கிப்போன ஓர் இணைய மளிகை நிறுவனத்தில் இருந்தவர். ரஃபேல்லோ டி'ஆண்ட்ரியா, இயந்திரங்களைச் சொன்னபடி இயங்க வைக்கும் கணக்கான கட்டுப்பாட்டியலில் பேராசிரியர். பீட்டர் வுர்மன் ஏல முறைகளை ஆராய்ந்த கணினி அறிவியலாளர்.

ஏலத்துக்கும் ரோபோவுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஒரு வேலை வந்ததும் ஒவ்வொரு ரோபோவும் "அங்கே போய் முடிக்க எனக்கு இவ்வளவு செலவாகும்" என்று விலை சொல்லும். குறைந்த விலை சொன்னதற்கு வேலை. இந்த மாதிரியான ஒப்பந்த முறையை ரீட் ஸ்மித் 1980-லேயே கணினிகளுக்காக எழுதிவிட்டார். ஒரு ரோபோ பழுதானால் அது விலை சொல்லாது. வேலை தானாக இன்னொன்றுக்குப் போய்விடும்.

இதனால்தான், கல்லூரிப் படிப்பின் பெயரில் "ரோபோட்டிக்ஸ்" என்று இருக்கிறதா என்று தேடி அலைய வேண்டாம் என்கிறேன். கணினி அறிவியல், மின்னணுவியல், இயந்திரவியல், கணிதம் எதிலிருந்தும் இந்தத் துறைக்குள் வருகிறார்கள். பாடத்திட்டத்தை வாங்கி நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, கிராஃப் தியரி, அல்காரிதம், கட்டுப்பாட்டியல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெயரில் ரோபோட்டிக்ஸ் வைத்துக்கொண்டு கணிதத்தை ஒப்புக்குத் தொட்டுவிட்டுப் போகும் படிப்பைவிட, சாதாரணப் பெயரில் இவை எல்லாம் இருக்கும் படிப்பு மேல்.

"பல ரோபோ ஆராய்ச்சியாளர்" என்ற பெயரிலேயே வரும் வேலைகள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பாதை வகுத்தல், உணரிகளிலிருந்து இருப்பிடத்தைக் கணித்தல், இருக்கும் வழிகளில் மிகச் சிறந்ததைத் தேடும் உகப்பாக்கம் ஆகியவை தெரிந்தவர்களைக் கிடங்குத் தானியக்கம், சுரங்கம், கடலடி ஆய்வு, தானாக ஓடும் வாகனம் என்று பல இடங்களிலும் தேடுகிறார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறைக்கு வரும் நிதியில் பாதுகாப்புத் துறைப் பணமும் உண்டு. எதற்கு வேலை செய்வாள், எதற்கு மாட்டாள் என்பதை அவளே யோசித்து வைத்துக்கொள்ளட்டும். ஆய்வகத்தில் சேர்ந்த பிறகு அந்த யோசனை வந்தால் சங்கடம்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே என்ற கவலை நியாயமானது. நிரல் தட்டும் வேலை குறையலாம். ஆனால் கணினிக்குள் சரியாக ஓடியது தரையில் ஏன் சிக்கிக்கொண்டது என்று கண்டுபிடிக்க ஆள் வேண்டும். 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் லூயிவில் நகரில், பூமிக்கடியில் இருக்கும் ஒரு பெரிய குகைக்கூடத்தில், அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா நடத்திய ரோபோ இறுதிப் போட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நடக்கும், உருளும், பறக்கும் ரோபோக்களைக் கலந்து அணிகள் உள்ளே அனுப்பின. பாறைக்குள் ரேடியோ அலை சரியாகப் போகாது. அதனால் ரோபோக்கள் போகிற வழியில் சின்னச் சின்ன ரேடியோ பெட்டிகளைப் போட்டுக்கொண்டே போயின. தொடர்பு அறுந்தால் தாமே முடிவெடுத்தன. முதல் இரண்டு அணிகளும் 23 புள்ளிகளில் சமமாக நின்று, கடைசிப் புள்ளியை முன்னதாக எடுத்தது யார் என்று பார்த்துத்தான் செர்பரஸ் அணிக்கு வெற்றி தந்தார்கள்.

பொறுமை பற்றியும் அவளிடம் பேசுங்கள். 2014-இல் ஹார்வர்டில் மைக்கேல் ரூபன்ஸ்டைன், ராதிகா நாக்பால் குழு 1,024 குட்டி ரோபோக்களை ஒரு மேசையில் பரப்பி, நட்சத்திரம் போன்ற உருவங்களாகத் தாமே சேர வைத்தது. ஒவ்வொன்றும் மூன்றே சென்டிமீட்டர் சொச்சம் அகலம். அதிர்ந்து அதிர்ந்துதான் நகரும். ஓர் உருவம் முடிய ஏறக்குறைய 12 மணி நேரம். வீடியோவில் அது வேகமாக ஓட்டிக் காட்டப்படும்.

இப்போதைக்கு விலை உயர்ந்த ரோபோ கிட் எதுவும் வாங்கித் தராதீர்கள். பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்தால் போதும். 1987-இல் கிரெய்க் ரெனால்ட்ஸ் பறவைக் கூட்டத்தைக் கணினியில் பறக்கவிட மூன்று விதிகள் வைத்தார்: பக்கத்தவரை இடிக்காதே, அவர்கள் போகும் திசையில் போ, கூட்டத்தின் நடுவை விட்டு விலகாதே. முதலில் அதை எழுதிப் பார்க்கட்டும். பிறகு ஒரு விதியை எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்கட்டும். அப்புறம் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் ரோபோட்டேரியம் இருக்கிறது. 2017-இல் திறந்த ஆய்வகம் அது. எங்கிருந்தும் நிரலை அனுப்பலாம், அங்கே இருக்கும் நிஜ ரோபோக்களில் ஓட்டிப் பதிவை அனுப்புவார்கள், கட்டணம் இல்லை. கணினியில் ஒழுங்காக ஓடிய நிரல் நிஜத் தரையில் தடுமாறுவதை அவள் ஒருமுறை பார்த்துவிட்டால், இந்தத் துறையின் பாதியைப் புரிந்துகொண்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்குப் போனபின் ரோபோக்களை இயக்கும் ராஸ் 2, கணினிக்குள் ஒத்திகை பார்க்கும் கெஸீபோ போன்ற இலவச மென்பொருள்களைக் கற்றுக்கொள்ளலாம், அவசரம் இல்லை.

வருஷக் கணக்கு: இளநிலைக்கு மூன்று நான்கு, முதுநிலைக்கு ஒன்றிரண்டு, முனைவர் பட்டத்துக்கு நான்கிலிருந்து ஆறு. நாட்டுக்கு நாடு மாறும். முதுநிலையோடு நிறுத்தி வேலைக்குப் போகிறவர்களும் நிறைய. பொறியியலில் முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகையோடு இடம் கிடைப்பது பல நாடுகளில் வழக்கம். அதனால் அந்தக் கட்டத்துக்குக் கடன் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டும் பேராசிரியரைத் தேடும் காலம் வரும்போது பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, அந்த ஆய்வகத்தின் பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். பேராசிரியருக்கு எழுதும் கடிதத்தில் "சிறுவயது முதல் ரோபோ என்றால் உயிர்" என்ற வரி வேண்டாம். அப்படித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் புரியாத ஓர் இடத்தைக் கேட்கட்டும். கூடவே தன் நிரல் ஓடிய வீடியோ ஒன்றையும், ஓடாமல் சிக்கிக்கொண்ட வீடியோ ஒன்றையும் இணைத்து, ஏன் சிக்கியது என்று இரண்டு வரி எழுதட்டும்.