நர்ஸ்கள் ஆன்லைன் பயிற்சியில் ஏன் ஆர்வம் காட்டுவதில்லை?

பயிற்சி நடத்துபவர் என்று சொல்லி இதைக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் டியூட்டி ரோஸ்டரை (யாருக்கு எந்த ஷிப்ட் என்ற அட்டவணையை) ஒரு தடவை பார்த்தால் இந்தக் கேள்வியே வராது. வட சென்னையில் வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வெபினார் என்றால் பெரும்பாலும் மதியம் இரண்டு மணி. நடத்துபவருக்கு அது சாப்பாடு முடிந்த ஓய்வான நேரம். வார்டில் அப்போதுதான் காலை ஷிப்ட் ஹேண்டோவர், அதாவது அடுத்த ஷிப்டிடம் பொறுப்பை ஒப்படைப்பது, நடக்கும்: ட்ரிப்ஸ் எவ்வளவு ஓடியிருக்கிறது, யூரின் எவ்வளவு போயிருக்கிறது, யாருக்கு எந்த ஊசி பாக்கி. நைட் முடித்தவர் வீட்டில் தூங்குவார். மிஞ்சுவது அன்றைக்கு ஆஃபில் இருப்பவர். அவருக்குத் துணி துவைக்க அந்த ஒரு நாள்தான். சரி, சாயங்காலம் வைத்தால்? எண்ணூரிலிருந்து வருகிறவர்கள் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

டியூட்டி நேரத்திலேயே பார்க்கலாமே என்று நிர்வாகத்தில் சொல்வார்கள். நோயாளிகளை யார் பார்ப்பது? பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர், விடுப்பை ஈடுகட்ட 30 சதவீதம் கூடுதல் ஆள் என்று இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல் இருக்கிறது. அந்தக் கூடுதல் ஆள் இருந்தால்தான் ஒருவர் ஒரு மணி நேரம் எழுந்து போக முடியும். நான் வேலை பார்த்த இடங்களில் அப்படி ஒருவரைக் கண்ணால் பார்த்ததில்லை.

அப்புறம் போன். வார்டில் போனை எடுக்கக் கூடாது என்பது எங்கள் விதி, பாடம் வருவதோ போனில். காதில் ஹெட்போனோடு செப்சிஸ் (உயிருக்கே ஆபத்தான கிருமித்தொற்று நிலை) வகுப்பையே கேட்டாலும், கட்டில் பக்கத்தில் நிற்கும் நோயாளியின் சொந்தக்காரருக்கு "சிஸ்டர் போன் நோண்டுறாங்க"தான். அவர் வீடியோ எடுத்துவிட்டால் மெமோ நமக்கு.

எல்லாவற்றையும்விட, வார்டுக்குப் பொறுப்பான இன்சார்ஜ் சிஸ்டர் யார் என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. முன்பு இருந்தவர் ரோஸ்டர் போடும்போதே வகுப்பு தேதியைப் பார்த்து, அந்த நேரத்தை டியூட்டியாகவே கணக்கு வைப்பார். யார் முதலில் போவது என்று எங்களுக்குள் சண்டையே வரும். அடுத்து வந்தவர், "வீட்ல போய்ப் பாருங்கம்மா" என்றார். நர்ஸ்கள் மாறவில்லை, வகுப்புகளும் மாறவில்லை. ஆனால் வீடியோவை ஓடவிட்டுவிட்டுக் குழம்பைக் கிளறுவது அப்போதுதான் ஆரம்பித்தது. (மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஎச் ஆய்வு வருகிறது என்றால் மட்டும் பயிற்சிப் பதிவேடு ஒரே வாரத்தில் நிரம்பும். அது தனிக் கதை.)

நர்ஸாக வேலை பார்ப்பதற்கான பதிவைப் புதுப்பிக்க 5 ஆண்டுகளில் 150 மணி நேரத் தொடர் கல்வி என்கிறது கவுன்சில். மாதத்துக்கு இரண்டரை மணி நேரம்தான், பெரிய பாரமே இல்லை. அந்த இரண்டரை மணி மருத்துவமனையின் நேரமா, நர்ஸின் தூக்கமா என்பதில்தான் தகராறு.

பயிற்சி நடத்துபவர் நீங்கள் என்பதால் சொல்கிறேன். அடுத்த மாத ரோஸ்டர் போடும் முன்பே நர்சிங் சூப்பரிண்டெண்டிடம் தேதியைக் கொடுங்கள். வகுப்பின் வீடியோ பதிவையும் இருபது நிமிடத் துண்டுகளாக அனுப்புங்கள், நைட்டில் இருப்பவர்கள் பிறகு பார்த்துக்கொள்வார்கள். பிரசவ வார்டு நர்ஸுக்கு வென்டிலேட்டர் வகுப்பை மட்டும் அனுப்பாதீர்கள்.