முதலாண்டு மாணவரும் ‘நான் யார்’ என்னும் கேள்வியும்: கேள்வி பதில்

சேலத்தில் 26 ஆண்டுகள் உளவியல் கற்பித்தவள் நான். அவற்றுள் பெரும்பகுதியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆலோசகராகவும் இருந்தேன். கல்லூரியில் சேர்ந்த சில மாதங்களிலேயே படிப்பை விட்டுவிட எண்ணும் பிள்ளைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மாணவி, நாகலூர், ஏற்காடு): அம்மா, எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். வகுப்பில் எல்லாரும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும்போது, நான் இங்கே இருக்க வேண்டியவள் அல்ல என்று தோன்றுகிறது. ஊருக்குப் போனாலும் முன்போல ஒட்டவில்லை. நின்றுவிடலாமா?

பதில்: நிற்க வேண்டாம் அம்மா. உனக்கு நேர்வது அறிவுக் குறைவு அன்று. எரிக் எரிக்சன் என்னும் உளவியலாளர், வளரிளம் பருவத்தின் தலையாய வேலையே தன் அடையாளத்தைக் கட்டிக்கொள்வதுதான் என்றார். அந்த வேலை நடக்கும்போது பழைய இடமும் பொருந்தாமல், புதிய இடமும் பொருந்தாமல் சில காலம் இருப்பது இயல்பு. மலையில் காப்பித் தோட்டத்துக்கு நடுவே வளர்ந்த பெண்ணுக்கும், நகரத்து ஆங்கிலப் பள்ளியில் படித்த பெண்ணுக்கும் இந்த வேலை ஒரே அளவில் இருப்பதில்லை. அவள் பாடத்தை மட்டும் கற்கிறாள். நீ பாடத்தையும் மொழியையும் அந்த இடத்தின் வழக்கத்தையும் ஒருசேரக் கற்கிறாய்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு, கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் அமெரிக்காவில் வெளியிட்டது. ‘முதலாண்டில் நானும் அந்நியமாகத்தான் உணர்ந்தேன், போகப்போக அது மாறிவிட்டது’ என்று மூத்த மாணவர்கள் சொன்னவற்றை முதலாண்டு மாணவர்கள் படித்து, தம் அனுபவத்தோடு சேர்த்து எழுதினார்கள். சுமார் ஒரு மணி நேரப் பயிற்சிதான். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இடையே இருந்த மதிப்பெண் இடைவெளி பாதியாகக் குறைந்திருந்தது. ‘எனக்கு மட்டும்தான் இப்படி’ என்னும் எண்ணம் விலகினால், தடுமாற்றம் ஒருவரின் தகுதியைப் பற்றிய தீர்ப்பாகத் தோன்றுவதில்லை.

ஆகவே உன் துறையில் மூன்றாமாண்டு படிக்கும் மலையூர்க்கார அக்கா ஒருவரைத் தேடி, முதல் மூன்று மாதம் அவருக்கு எப்படி இருந்தது என்று மட்டும் கேள். இன்னொன்று, இதை நான் எல்லாரிடமும் சொல்வேன்: முதல் பருவத் தேர்வு முடிவு வரும்வரை டி.சி. கேட்காதே.

கேள்வி (மாணவர், ஏற்காடு): தினமும் பேருந்தில் 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி ஏறுகிறேன். மன்றம், விளையாட்டு எதிலும் சேர நேரம் இல்லை. இதனால் பாதிப்பு உண்டா?

பதில்: உண்டு, ஆனால் ஈடுசெய்ய முடியும். பாடத்தோடும் மனிதர்களோடும் பிணைப்பு ஏற்படாதவரே எளிதில் படிப்பை விட்டு விலகுகிறார் என்று வின்சென்ட் டின்டோ என்னும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1975இல் விளக்கினார். வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவருக்கு அந்தப் பிணைப்பு உருவாகும் இடம் வகுப்பறையே என்பதைப் பின்னாளில் அவரே வலியுறுத்தினார். மாலையில் இல்லாத நேரத்துக்கு வருந்தாமல், பகலில் ஆய்வகத்தில் சேர்ந்து படிக்க இருவரைப் பிடித்துக்கொள், தம்பி.

கேள்வி (தந்தை, செவ்வாய்ப்பேட்டை): கொலுசுப் பட்டறையில் உழைத்து மகனைப் பொறியியலில் சேர்த்தேன். படிப்பை நான்தான் முடிவு செய்தேன். இப்போது ‘இது என் படிப்பு இல்லை’ என்கிறான்.

பதில்: ஜேம்ஸ் மார்சியா என்னும் உளவியலாளர் 1966இல் அடையாள நிலைகளை நான்காகப் பிரித்தார். தனக்கு எது வேண்டும் என்னும் தேடலும் இல்லை, ஒன்றைத் தன்னுடையது என்று பற்றிக்கொண்ட பிடிப்பும் இல்லை என்பது ஒன்று. தேடாமலே பிறர் தந்த பிடிப்பை ஏற்றுக்கொள்வது இரண்டாவது. தேடிக்கொண்டே இருப்பது மூன்றாவது. தேடிக் கண்டடைந்த பிடிப்பு நான்காவது. தங்கள் மகன் இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு வந்திருக்கிறார். பார்ப்பதற்குச் சரிவுபோல இருந்தாலும் இது வளர்ச்சி.

எதிர்வாதம் (கல்லூரி ஆசிரியர், ஆத்தூர்): இதை ஏற்க முடியவில்லை, அம்மா. பெற்றோர் சொன்னதைப் படிப்பவர்கள்தான் ஒழுங்காகத் தேறுகிறார்கள். தேடுகிறவர்கள் அரியர் வைக்கிறார்கள். மேலும் தேடல் என்பது வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் கட்டுபடியாகும்.

பதில்: இரண்டாவது கருத்தில் நியாயம் இருக்கிறது. மார்சியா நேர்கண்டவர்கள் 86 பேர், அனைவரும் அமெரிக்கக் கல்லூரி ஆண்கள். அந்த அளவுகோலை நம் வீடுகளில் அப்படியே வைக்கக் கூடாது. ஒரு பருவக் கட்டணத்துக்கே கடன் வாங்கும் குடும்பத்தில் ஓராண்டை வீணாக்குவது விளையாட்டு அல்ல. ஆனால் முதல் கருத்தில் நான் மாறுபடுகிறேன். பெற்றோர் தந்த பிடிப்பில் நிற்பவர் அமைதியாக இருப்பது உண்மைதான். முதல் அரியர் வரும்போது, ‘இதை ஏன் படிக்கிறேன்’ என்னும் கேள்விக்கு ‘அப்பா சொன்னார்’ என்பதைத் தவிர வேறு விடை இல்லாமல் உடைந்து போன நல்ல மாணவர்களை நான் என் அறையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தேடலுக்குப் படிப்பை விட வேண்டியதில்லை, படித்துக்கொண்டே தேடலாம்.

கேள்வி (அதே தந்தை): அப்படியென்றால் நான் செய்தது தவறா, அம்மா?

பதில்: இல்லை ஐயா. தாங்கள் பட்ட பாடு மகனுக்கு வரக் கூடாது என்று எண்ணியது அன்பு. அந்தப் படிப்பில் அவருக்குப் பிடித்த ஒரு பாடமாவது உண்டா என்று கேளுங்கள்; அவர் பேசி முடிக்கும்வரை கட்டணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். ‘இது என் படிப்பு இல்லை’ என்பவர்களில் பலர், ‘இதை நான் தேர்ந்தெடுக்கவில்லை’ என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

கேள்வி (தாய், ஓமலூர்): மகள் ஒரு மாதத்திலேயே வேறு கல்லூரிக்கு மாற வேண்டும் என்கிறாள். டி.சி. வாங்கலாமா?

பதில்: முதல் பருவ முடிவு வரட்டும்.

கேள்வி (மாணவர், மேட்டூர்): டி.சி. வாங்கிக்கொண்டு அடுத்த ஆண்டு வேறு படிப்பில் சேரலாமா?

பதில்: மேலே இருமுறை சொல்லிவிட்டேன், அவற்றைப் படியுங்கள்.

கேள்வி (மாணவி, வாழப்பாடி): புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் இன்னும் வரவில்லை.

பதில்: இது என் துறை அல்ல. கல்லூரியில் அத்திட்டத்தைக் கவனிக்கும் பொறுப்பாசிரியரை நாளையே பாருங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): இரண்டு வாரமாக உறக்கம் இல்லை. வாழவே பிடிக்கவில்லை.

பதில்: இன்றே, இப்போதே, 14416 என்னும் டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டிலோ விடுதியிலோ நம்பும் ஒருவரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். படிப்பைப் பற்றிய முடிவு பிறகு ஆகட்டும்.

கேள்வி (ஆத்தூர் ஆசிரியர்): சரி, துறையில் நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: வகுப்பு தொடங்கிய மூன்றாம் வாரத்தில், முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரையும் பத்து நிமிடம் தனியே அமர்த்தி, எந்த ஊர், வீட்டில் யார் யார், இந்தப் படிப்புக்கு எப்படி வந்தாய் என்று கேளுங்கள். மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். அறுபது பேர் வகுப்புக்குப் பத்து மணி நேரம் ஆகும். நான்கு ஆசிரியர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு இரண்டரை மணி நேரம்.