அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு யார் நீதிபதியாக வர வேண்டும் என்பதில் தொழிற்சங்கங்களுக்கு என்ன அக்கறை?

முதல் காரணம் பணம். சங்கத்தில் சேராத அரசு ஊழியருக்கும் சங்கம்தான் ஊதியப் பேச்சு நடத்துகிறது என்பதால், அவரிடமும் ஒரு கட்டணம் வசூலிக்கலாம் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2016இல் அதை எதிர்த்து ஒரு வழக்கு வந்தது. பிப்ரவரியில் ஒன்பது நீதிபதிகளில் ஒருவரான ஸ்கலியா இறந்துவிட, தீர்ப்பு 4-4 என்று நின்று கட்டணம் பிழைத்தது. அங்கே நீதிபதியை அதிபர் முன்மொழிவார், நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் ஒப்புதல் தர வேண்டும். ஸ்கலியாவின் இடத்துக்கு அதிபர் ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லாண்டைச் செனட் விசாரிக்கக்கூட இல்லை. 2017இல் ட்ரம்ப், நீல் கோர்சச்சைக் கொண்டுவந்தார். 2018 ஜூனில், அதே கேள்வி மீண்டும் வந்த ஜேனஸ் வழக்கில் 5-4 என்று கட்டணம் ஒழிந்தது. அந்த ஐவரில் கோர்சச்சும் ஒருவர். ஒரே ஒரு நாற்காலிதான் மாறியிருந்தது!

அதற்காகப் பணம் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஏஎஃப்எல்-சிஐஓ என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு, கோர்சச் நியமிக்கப்படும் முன்பே அவரை எதிர்த்தது. அப்போது அதிகம் பேசப்பட்டது ஒரு லாரி ஓட்டுநரின் வழக்கு. 2009 ஜனவரியில், உறைபனிக் குளிரில், இழுவைப் பெட்டியின் பிரேக் உறைந்து நடுவழியில் நின்றுவிட்டது. கேபினில் ஹீட்டரும் வேலை செய்யவில்லை. பல மணி நேரம் காத்திருந்தவர், உயிர் முக்கியம் என்று பெட்டியைக் கழற்றிவிட்டு லாரியை ஓட்டிச் சென்றார். வேலை போயிற்று. வழக்கு அப்போது கோர்சச் இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. நீக்கியது தவறு என்று மற்ற இரு நீதிபதிகளும் சொல்ல, கோர்சச் மட்டும் நிறுவனத்தின் பக்கம் நின்றார்.

சரி, சங்கம் எதிர்த்தால் செனட் கேட்குமா? ஒரு காலத்தில் கேட்டது. 1930இல் அதிபர் ஹூவர் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்த ஜான் பார்க்கர், நிலக்கரித் தொழிலாளர் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பு எழுதியவர். சங்கத்தில் சேர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் வேலை என்ற ஒப்பந்தங்களுக்கு அந்தத் தீர்ப்பு துணைபோனது. அன்றைய தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஏஎஃப்எல் எதிர்த்தது, கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்கு எதிராக அவர் முன்பு பேசியதற்காக, கறுப்பினத்தவர் உரிமைக்கான அமைப்பான என்ஏஏசிபியும் எதிர்த்தது. ஹூவரின் கட்சிக்கே பெரும்பான்மை இருந்த செனட்டில் பார்க்கர் 39-41 என்று தோற்றார்.

அவருக்குப் பதிலாக வந்த ஓவன் ராபர்ட்ஸ் மட்டும் தொழிலாளர் தோழரா? அதுதான் வேடிக்கை. 1935இல் ரயில்வே ஊழியர் ஓய்வூதியச் சட்டத்தைச் செல்லாது என்று எழுதியவரே அவர்தான். ஆனால் 1937இல், சங்கம் அமைக்கும் உரிமை தந்த வாக்னர் சட்டம் 5-4 என்று தப்பியபோது அந்த ஐந்தில் அவர் ஓட்டும் இருந்தது.

இப்போது செனட்டர்கள் பெரும்பாலும் கட்சி சொன்னபடிதான் வாக்களிக்கிறார்கள். அதனால் சங்கத்தின் உண்மையான வேலை செனட் தேர்தலிலேயே முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து. அப்புறம் வரும் கண்டன அறிக்கையெல்லாம் கிட்டத்தட்ட சம்பிரதாயம்.

வேண்டிய ஆள் வந்தாலும் எண்ணிக்கை வேண்டுமே. 2022இல் சங்கங்கள் ஆதரித்த கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் நீதிபதியானார். மறு வருடமே, கான்கிரீட் லாரி ஓட்டுநர்களின் வேலைநிறுத்தத்தால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு நிறுவனம் சங்கத்தின்மீது வழக்குத் தொடுக்கலாம் என்று 8-1 தீர்ப்பு வந்தது. எதிர்த்து எழுதியது ஜாக்சன் மட்டுமே. ஒபாமா நியமித்த இருவரும் அந்த எட்டில் இருந்தார்கள்.